கடலிலிருந்து கரையேறும் குதிரைகள்: இளையோர் மிகைபுனைவு நாவல் எழுதி வெளியிட ஒரு வழிகாட்டி

கடலிலிருந்து ஆளைத் தின்னும் குதிரைகள் கரையேறுகின்றன. ஊரார் அவற்றைப் பிடித்துப் பழக்கிக் கடற்கரையில் பந்தயம் விடுகிறார்கள். ஓட்டுபவர்களில் ஒருத்திக்குப் பதினாறு வயது. இப்படி ஒரு கருவோடு தமிழில் இளையோர் நாவல் எழுதத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுபோகிறார்கள். முதல் இடம் மூன்றாவது அல்லது நான்காவது அத்தியாயம். அந்தக் குதிரை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது எழுதுபவருக்கே தெரியாமல் போவது அங்கேதான். இரண்டாவது இடம் நாவலை முடித்த பிறகு வரும் தாள் வேலை. ஒப்பந்தம், ஐ.எஸ்.பி.என். என்னும் நூல் அடையாள எண், அச்சு, மின்னூல் என்று ஒவ்வொன்றிலும் மாதங்கள் ஓடிவிடும். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் செய்தால் இரண்டு இடங்களையும் கடந்துவிடலாம்.

1. எந்தக் குதிரை என்பதை முதலில் தீர்மானியுங்கள்

நீரில் வாழும் கொடிய குதிரை ஸ்காட்லாந்து, அயர்லாந்து, மேன் தீவு, ஆர்க்னி, ஷெட்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நிலங்களின் மரபு. எல்லாம் ஒரே விலங்கு என்று நினைத்துக் கலக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனி விதி உண்டு, கதைக்கு வேண்டிய முடிச்சு அந்த விதியில்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்து மலைநாட்டின் எக்-உஷ்கே கடலிலும் கடல் ஏரிகளிலும் இருப்பது. அதன் தோலைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும், இறங்க முடியாது. நீருக்குள் இழுத்துப் போய் ஈரலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தின்னும். ஈரல் மட்டும் கரை ஒதுங்கும். ஸ்காட்லாந்தின் இன்னொரு குதிரையான கெல்பி, ஓடும் ஆற்றுக்கு உரியது. மனித உருவும் எடுக்கும், அதை அடக்கும் சக்தி கடிவாளத்தில் இருக்கிறது. ஆர்க்னியின் நக்கலவிக்குத் தோலே கிடையாது. குதிரை முதுகிலிருந்து மனித உடல் முளைத்திருக்கும், மூச்சுப் பட்டால் பயிர் கருகும், ஆனால் நன்னீரை அதால் தாண்ட முடியாது. ஷெட்லாந்தின் நகல் அவ்வளவு கொடியதல்ல, அதன் வால் சக்கரம் போல இருக்கும், நீராலைகளைச் சுற்றித் திரியும். ஐஸ்லாந்தின் நிகுருக்குக் குளம்புகள் பின்னோக்கித் திரும்பியிருக்கும். காலடித் தடத்தைப் பார்த்துத் துரத்துபவர் எதிர்த்திசையில் போவார் என்றால், அதிலேயே ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பந்தயக் கதைக்கு மிகப் பொருத்தமானது அயர்லாந்து நீர்க்குதிரை. கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் 1888-இல் தொகுத்த அயர்லாந்துக் கதைநூலில் இதன் குறிப்பு வருகிறது. நீரிலிருந்து வெளியேறி மணலிலும் வயலிலும் பாய்ந்தோடும். அதற்கும் நீருக்கும் நடுவே புகுந்து கடிவாளம் மாட்டிவிட்டால் அதைவிடச் சிறந்த குதிரை இல்லை. ஆனால் ஒரே ஒரு முறை நீர் கண்ணில் பட்டாலும் ஓட்டுபவரோடு பாய்ந்து, அடியில் வைத்துக் கிழித்துவிடும். இந்த விதியோடு பந்தயத்தைக் கடற்கரையில் வைத்தால், ஓட்டுபவர் ஒவ்வொரு நொடியும் சாவுக்கு அருகில் இருப்பார். வேறு வில்லன் தேவைப்படாது.

இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. நாட்டார் மரபு பொதுச் சொத்து. அதை வைத்து எழுதப்பட்ட இன்றைய நாவல்கள் பொதுச் சொத்து அல்ல. இணையத்தில் தேடினால் இரண்டும் கலந்தே கிடைக்கும். ஒரு தற்கால நாவலாசிரியர் உண்டாக்கிய தீவு, திருவிழா, சடங்கு, பெயர் ஆகியவற்றை மரபு என்று நம்பி எடுத்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. நீங்கள் எடுத்த ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே அது எந்த நூலிலிருந்து வந்தது, அந்நூல் எந்த ஆண்டு என்று குறித்துவையுங்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை இருக்கும். யேட்ஸ் இறந்தது 1939. 1860–62-இல் மேற்கு மலைநாட்டுக் கதைகளைத் தொகுத்த ஜே. எஃப். கேம்பல் இறந்தது 1885. இருவரின் நூல்களையும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

தமிழ் மரபிலேயே ஆபத்தான குதிரை வேண்டும் என்றால் இரண்டு தயாராக இருக்கின்றன. ஒன்று, நரியைப் பரியாக்கிய திருவிளையாடல். பாண்டியன் லாயத்தில் கட்டிய குதிரைகள் இரவில் நரிகளாகி, அங்கிருந்த உண்மைக் குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. மற்றது வடவைத்தீ: பெண்குதிரை முகத்தோடு கடலுக்கடியில் எரிந்து, கடல் கரை மீறாமல் குடித்துக்கொண்டிருக்கும் நெருப்பு. ஸ்காட்லாந்துக் குதிரைக்குத் தமிழ்ப்பெயர் சூட்டி ராமேசுவரத்தில் விடுவதைவிட, வடவையிலிருந்து தொடங்குவது நேர்மையான வழி. இரண்டில் எதை எடுத்தாலும் அதன் நிலத்திலேயே வையுங்கள்.

பெயரில் கவனம் தேவை. கடல்குதிரை என்று எழுதினால் விரல் நீள மீன்தான் வாசகர் மனதில் வரும். நீர்க்குதிரை என்றால் சிலருக்கு நீர்யானை தோன்றும். புரவி, பரி, இவுளி என்று பழைய சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. கடற்புரவி, ஓதப்பரி போல ஒரு சொல்லை உண்டாக்கி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை மாற்றாமல் வையுங்கள்.

2. உடலை எழுதிவையுங்கள்

ஒரு குறிப்பேட்டில் இருபது பக்கம் இதற்கு ஒதுக்குங்கள். முதலில் உண்மைக் குதிரை, பிறகு உங்கள் குதிரை எங்கே மாறுகிறது என்பது. மாற்றம் எதுவானாலும் அதன் விளைவையும் அதே வரியில் எழுத வேண்டும்.

பந்தயக் குதிரையின் எடை ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ. உயரத்தைத் தலைவரை அளக்க மாட்டார்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடுவரைதான் அளப்பார்கள். அளவு கை என்ற கணக்கில், ஒரு கை 4 அங்குலம். 16 கை என்றால் 64 அங்குலம், ஏறத்தாழ 163 செ.மீ. பதினாறு வயதுப் பெண்ணின் கண்மட்டத்துக்கு மேலே அதன் முதுகு இருக்கும். தரையிலிருந்து தாவி ஏறினாள் என்று எழுதும் முன் இந்த அளவை ஒரு சுவரில் குறித்துப் பாருங்கள்.

கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் குதிரை ஏறத்தாழ 350 பாகை பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும் மட்டும் தெரியாது. சிவப்பை அது தனி நிறமாகப் பிரித்துப் பார்க்காது. நீலமும் மஞ்சளும்தான் தெளிவு. எனவே சிவப்புத் துணியைக் கண்டு மிரண்டது என்று எழுதினால் குதிரை தெரிந்த வாசகர் அங்கேயே நூலை மூடுவார். இரத்தவாடைக்கு மிரண்டது என்றால் நம்புவார். காதுகள் தனித்தனியே திரும்பும். இரண்டும் பின்னால் ஒட்டிப் படிந்தால் கடிக்கப்போகிறது என்று பொருள். இந்த ஓர் அடையாளத்தை நாவல் முழுவதும் எச்சரிக்கை மணியாகப் பயன்படுத்தலாம்.

குதிரை வாய்வழி மூச்சு விடாது, மூக்கு மட்டும்தான். முழுப் பாய்ச்சலில் ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு என்று இரண்டும் பூட்டியிருக்கும். அதற்கு வாந்தி எடுக்கவும் முடியாது. உங்கள் குதிரை நீருக்கடியில் போக வேண்டும் என்றால் சீல் போல மூக்குத்துளையை மூடித் திறக்கும் தசை வேண்டும். அப்படியானால் கரையில் மூக்கு மூடுவதைப் பார்த்தவுடனே ஓட்டுபவருக்குத் தெரியும், இது நீருக்குள் போகத் தயாராகிவிட்டது என்று. ஒரு விளைவு இப்படித்தான் ஒரு காட்சியாக மாறும்.

பல்லைப் பற்றிப் பலரும் யோசிப்பதில்லை. குதிரையின் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே வெறும் ஈறு இருக்கிறது. கடிவாளத்தின் வாய்க்கம்பி உட்காரும் இடம் அதுதான். இறைச்சி தின்னும் குதிரைக்கு வாய் முழுவதும் கூர்ப்பற்கள் என்று எழுதிவிட்டால் வாய்க்கம்பிக்கு இடமே இருக்காது, கடித்துத் துண்டாக்கிவிடும். அப்போது மூக்கின்மேல் அழுத்தும் வார் வேண்டும், அல்லது வேறு கட்டுப்பாடு வேண்டும். இரும்பு ஆகாது, மணி ஆகாது, உப்பு ஆகாது என்று நீங்கள் வைக்கும் எந்த மந்திர விதியும் இந்த வார் விஷயத்தோடு பொருந்த வேண்டும்.

பிறகு தீனி. 500 கிலோ உண்மைக் குதிரை நாளுக்கு ஏறத்தாழ 10 கிலோ புல்லும் வைக்கோலும் தின்னும், 25 முதல் 50 லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதே எடையில் இறைச்சி தின்னும் விலங்கு என்றால்? ஆண் சிங்கம் சராசரியாக நாளுக்கு 7 கிலோ அளவு தின்னும். அந்தக் கணக்கை வைத்து 500 கிலோவுக்கு 15 கிலோ என்று கொள்ளுங்கள். தீவில் பந்தயத்துக்காக இருபது குதிரைகளைக் கட்டிவைத்திருந்தால் நாளுக்கு 300 கிலோ. ஓர் ஆட்டில் 20 கிலோ கறி தேறும் என்றால் நாளுக்கு 15 ஆடு. ஒரு மாதத்துக்கு 450 ஆடு. எந்த ஏழைத் தீவும் இதைத் தாங்காது. ஆகவே ஓட்டுபவர்கள் பந்தயத்துக்குச் சில வாரம் முன்புதான் பிடிப்பார்கள், அல்லது பணக்காரர் ஒருவரிடம் மட்டுமே லாயம் இருக்கும், அல்லது மீனை வைத்துச் சமாளிப்பார்கள். ஊரின் பொருளாதாரமும் பகையும் இந்த ஒரு கணக்கிலிருந்தே பிறந்துவிடும்.

காலடிச் சத்தத்தையும் எழுதிவையுங்கள்: நடையில் நான்கு தட்டு, துள்ளோட்டத்தில் இரண்டு, மிதமான பாய்ச்சலில் மூன்று, முழுப் பாய்ச்சலில் மறுபடி நான்கு. இருட்டில் எது வருகிறது என்பதை உங்கள் பாத்திரம் காதால் அறியலாம். ஈரமணலில் சத்தம் அடங்கி வரும்.

3. மணலும் ஓதமும்

கடற்கரைப் பந்தயம் கற்பனை அல்ல. அயர்லாந்தின் மீத் கவுண்டியில் லேடவுன் கடற்கரையில் 1868 முதல் குதிரைப் பந்தயம் நடக்கிறது. செப்டம்பரில், கடல் வற்றிய நேரத்தில் மணலில் கம்பம் நட்டுத் தடம் அமைப்பார்கள். 1994-இல் நடந்த விபத்துக்குப் பிறகு அங்கே நேர்கோட்டு ஓட்டம் மட்டுமே. ஸ்பெயினில் குவாதல்கிவிர் ஆற்றுமுகத்தில் உள்ள சான்லூகர் தே பர்ரமேதாவில் 1845 முதல் ஆகஸ்ட் மாதங்களில் மாலை வேளையில் ஓடுகிறார்கள். இத்தாலியின் சியெனாவில் ஜூலை 2, ஆகஸ்ட் 16 நாட்களில் நடக்கும் பாலியோ கடற்கரையில் அல்ல, நகரச் சதுக்கத்தில். ஆனால் நாவலாசிரியருக்கு அதில் கற்க நிறைய இருக்கிறது. சேணமில்லாமல் ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு முறையும் நகரின் 17 வட்டாரங்களில் பத்துக்கு மட்டுமே வாய்ப்பு. ஓட்டுபவர் விழுந்துவிட்டாலும் ஆளில்லாத குதிரை முதலில் வந்தால் அதுவே வெற்றி. ஊர்ப்பகையும் பந்தய விதியும் எப்படிப் பின்னிக்கொள்ளும் என்று தெரிய இந்த மூன்றின் காணொளிகளையும் பாருங்கள்.

அடுத்து நேரம். புதிதாக எழுதுபவர்களின் முதல் பிழை இங்கேதான். முழுப் பாய்ச்சல் மணிக்கு 55 முதல் 65 கி.மீ. 7 ஃபர்லாங் என்பது ஏறத்தாழ 1,400 மீட்டர். ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பாலியோவின் மூன்று சுற்றும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இந்த ஒன்றரை நிமிடத்தில் இருவர் பேசிக்கொண்டே போனார்கள், பழைய பகையை நினைத்துப் பார்த்தார்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுத முடியாது. நீண்ட உச்சக்காட்சி வேண்டும் என்றால் ஓட்டத்தை நீட்டுங்கள். இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயம் ஏறத்தாழ 6.9 கி.மீ., 30 தடைகள், முடிக்க ஒன்பது நிமிடம் அளவு. அல்லது ஓட்டத்துக்கு முந்தைய அரைமணி நேரத்தை எழுதுங்கள். குதிரைகளைக் கடலோரமாக வரிசைக்குக் கொண்டுவரும் அந்த அரைமணிதான், பார்க்கப்போனால், கதையின் மிக ஆபத்தான பகுதி.

ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதை, ஊகத்தில் எழுதக் கூடாது. அட்லாண்டிக் கரைகளில் நாளுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஓதம், அரைநிலா நாட்களில் சிறிய ஓதம். இன்னொன்றை மறக்க வேண்டாம்: ஓர் ஊரில் பௌர்ணமியன்று கடல் நண்பகலில் வற்றுகிறது என்றால், அடுத்த பௌர்ணமியிலும் அமாவாசையிலும் ஏறத்தாழ அதே நேரத்தில்தான் வற்றும். ஒரு பௌர்ணமியில் நண்பகல் வற்றம், அடுத்த பௌர்ணமியில் மாலை ஆறு மணி வற்றம் என்று எழுதினால் தவறு.

நீர் ஏறும் வேகத்துக்குப் பன்னிரண்டில் பங்கு என்று ஒரு மாலுமிக் கணக்கு உண்டு. வற்றத்திலிருந்து ஏற்றம்வரை ஆறு மணி நேரம். ஒவ்வொரு மணியிலும் மொத்த உயரத்தில் பன்னிரண்டில் 1, 2, 3, 3, 2, 1 பங்கு ஏறும். மொத்த ஏற்றம் 3 மீட்டர் என்றால் முதல் மணியில் 25 செ.மீ.; மூன்றாவது, நான்காவது மணிகளில் தலா 75 செ.மீ. மணல் 500-க்கு 1 சரிவு கொண்ட சமதளம் என்றால் அந்த 75 செ.மீ. ஒரு மணி நேரத்தில் 375 மீட்டர் கரையை விழுங்கும். பந்தயம் அரைமணி தாமதமானால் என்ன ஆகும் என்பதை இப்போது நீங்களே கணக்கிடலாம். தாமதத்துக்கு ஒரு காரணத்தை மட்டும் கண்டுபிடியுங்கள்.

கதையைத் தமிழ்நாட்டுக் கரைக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு: சென்னைக் கரையில் பெரிய ஓதத்தின்போதே ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், மணலும் சரிவானது. அரை கிலோமீட்டர் மணல் வெளிப்பட்டு மறையும் காட்சி அங்கே நடக்காது. இந்தியாவில் அப்படிப்பட்ட கடல் வேண்டும் என்றால் குஜராத்தின் கம்பாத் வளைகுடா இருக்கிறது. பாவ்நகர்ப் பக்கம் 10 மீட்டர் அளவுக்கு ஏறி இறங்கும்.

ஓட ஏற்ற மணல், நீர் இப்போதுதான் விலகிய கெட்டியான ஈரப்பட்டை. மேலே உலர்ந்த மணலில் குளம்பு புதையும், காலின் தசைநாண் அறும்; கீழே நீர் ஊறிய மணல் இளகும். நல்ல தடம் கடலுக்கு அருகில்தான் என்றால், கடலைப் பார்க்கக் கூடாத குதிரையை அதன் அருகில் ஓட்டியாக வேண்டும். உங்கள் பந்தயத்தின் முழு நெருக்கடியும் இதில் அடங்கியிருக்கிறது.

4. வயது, எடை, இரத்தம்

பிரிட்டனில் ஜாக்கி உரிமம் பெறக் குறைந்த வயது 16. நாயகிக்கு அந்த வயது இயல்பாகப் பொருந்தும். பந்தயங்களில் ஓட்டுபவர்கள் 50–55 கிலோ அளவில் இருப்பதால், ஒல்லியான பெண்ணுக்கு எடையில் சாதகம் இருக்கிறது, பலத்தில் இல்லை. 500 கிலோ விலங்கை யாரும் கைப்பலத்தால் நிறுத்துவதில்லை. ஒரு வாரை மட்டும் இழுத்து வட்டமாகத் திருப்பித்தான் நிறுத்துவார்கள்.

13 முதல் 18 வயதுவரை வாசிப்பார்கள் என்று வைத்து, சாவைக் காட்டுங்கள், காயத்தை விவரிப்பதை ஒரு பத்தியில் நிறுத்துங்கள். கரை ஒதுங்கிய ஈரல் ஒன்றே போதும்.

5. எழுத்துக்கான நாட்காட்டி

சென்னைப் புத்தகக் காட்சி டிசம்பர் கடைசி அல்லது ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பிக்கும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தமிழில் விகுதிகள் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே கதைக்கு ஆங்கிலத்தைவிடக் குறைந்த சொற்கள் ஆகும். 50,000 சொல் நல்ல இலக்கு. நாளுக்கு 500 சொல், வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 20 வாரம்.

ஜனவரி, பிப்ரவரி: குறிப்பேடு. மார்ச் முதல் ஜூலை: முதல் வரைவு. ஆகஸ்ட்: குறைந்தது மூன்று பேர் வாசிக்கட்டும். அவர்களில் ஒருவர் குதிரை ஓட்டத் தெரிந்தவராகவும் ஒருவர் பதினைந்து வயதுக்காரராகவும் இருப்பது கட்டாயம். குதிரைக்காரரிடம் முழு நூலையும் தர வேண்டாம். குதிரை வரும் பக்கங்களை மட்டும் அச்சிட்டுக் கொடுங்கள், விரைவில் திரும்பி வரும். செப்டம்பர்: திருத்தம், ஐ.எஸ்.பி.என். விண்ணப்பம், அட்டை ஓவியம். அக்டோபர்: மெய்ப்பு (எழுத்துப்பிழை பார்த்தல்), பக்க வடிவமைப்பு. நவம்பர்: அச்சு. டிசம்பரில் அச்சகங்கள் நிரம்பி வழியும். முதல் நூல்காரரின் வேலை வரிசையில் பின்னால் போய்விடும்.

6. ஒப்பந்தங்களை எழுத்தில் வாங்குங்கள்

அட்டை ஓவியர் நண்பராக இருந்தாலும் ஒரு பக்க ஒப்பந்தம் வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும் என்கிறது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை ஆண்டு, எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் என்று ஐந்தையும் குறிப்பிடுங்கள். ஆண்டைக் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். நிலப்பரப்பைக் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மின்னூலை உலகெங்கும் விற்கப்போகிறீர்கள் என்றால் இந்த இரண்டாவது விடுபாடு நேரடியாகக் கடிக்கும்.

பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போடுபவர்களுக்கும் இதே பிரிவு துணை. உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர, அந்த உரிமை காலாவதியாகும். அச்சு, மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரை ஆகிய ஐந்தையும் தனித்தனி வரியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். அச்சிட மட்டுமே போகும் பதிப்பகத்துக்குத் திரை உரிமையையும் சேர்த்துக் கொடுக்க எந்தக் காரணமும் இல்லை.

7. ஐ.எஸ்.பி.என்., பதிப்புரிமைப் பதிவு

ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. வாங்கித் தருகிறோம் என்று கட்டணம் கேட்பவர்களிடம் போக வேண்டாம். முகமையின் இணையதளத்தில் முதலில் நூலாசிரியராகப் பதிவு செய்து, பிறகு நூலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, தலைப்புப் பக்கம், அட்டை ஆகியவற்றின் தெளிவான படங்களைத் தயாராக வையுங்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஓரெழுத்தும் மாறாமல் இருக்கட்டும். முன்னெழுத்து விரிவு ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாததே திரும்பி வருவதற்கு வழக்கமான காரணம். அச்சு நூலுக்கு ஓர் எண், மின்னூலுக்கு வேறு எண். பல வாரம் ஆகலாம் என்பதால் செப்டம்பரிலேயே போடுங்கள். எண் வரும்முன் அட்டையை அச்சுக்கு அனுப்ப வேண்டாம்.

பதிப்புரிமை எழுதிய நொடியிலேயே உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, வழக்கு வந்தால் சான்றாக உதவும். இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய், படிவம் 14. விண்ணப்பித்ததும் டைரி எண் வரும். பிறகு மறுப்புக்காக 30 நாள் காத்திருப்பு, அதன் பின்னரே பரிசீலனை. சான்றிதழ் வரட்டும் என்று அச்சை நிறுத்திவைக்காதீர்கள்.

8. அச்சும் செலவும்

டெம்மி என்னும் வழக்கமான நூல் அளவில் ஒரு பக்கத்துக்கு 200 முதல் 220 தமிழ்ச் சொற்கள் வரும். 50,000 சொல்லுக்கு ஏறத்தாழ 240 பக்கம். அச்சகம் 16 பக்கத்தை ஒரு ஃபாரம் என்று எண்ணும். 240 என்றால் சரியாக 15 ஃபாரம். 243 பக்கம் ஆனால் 16-வது ஃபாரத்துக்கும் பணம் போகும், 13 பக்கம் வெறுமையாக நிற்கும். வடிவமைப்பாளரிடம் மூன்று பக்கத்தைச் சுருக்கச் சொல்வதே லாபம்.

மதிப்பீடு கேட்கும்போது இவ்வளவையும் எழுதிக் கொடுங்கள்: டெம்மி, 240 பக்கம், உள்தாள் 70 ஜி.எஸ்.எம். (தாளின் கன அளவு), அட்டை 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், பெர்ஃபெக்ட் பைண்டிங் (முதுகில் பசையிட்டு ஒட்டும் கட்டு), 100 பிரதிக்கும் 300 பிரதிக்கும் 500 பிரதிக்கும் தனித்தனி விலை. இப்படிக் கேட்டால்தான் மூன்று அச்சகங்களின் விலையை ஒப்பிட முடியும். முதல் நூலுக்கு 100 பிரதியைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிரதிக்கு ஆகும் செலவு கூடும், ஆனால் கட்டிலுக்கடியில் 400 பிரதி தூசி படியாது.

விலை வைக்க ஒரு கணக்கு. ஒரு பிரதிக்கு அச்சுச் செலவு 100 ரூபாய் என்று வையுங்கள். விலை 200 என்று போட்டால், கடை 40 விழுக்காடு கழிவு கேட்கும்போது உங்கள் கைக்கு 120 வரும். அச்சுச் செலவு போக மிச்சம் 20, தபாலுக்கே போதாது. விலை 300 என்றால் கைக்கு 180, மிச்சம் 80. அச்சுச் செலவைப் போல மூன்று மடங்குக்குக் குறையாமல் விலை வையுங்கள். அச்சு நூலுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஆனால் மெய்ப்புத் திருத்தம், வடிவமைப்பு, அச்சகக் கூலி ஆகியவற்றுக்கான ரசீதில் வரி இருக்கக்கூடும் என்பதால், வரி சேர்த்தா சேர்க்காமலா என்று முன்பே கேளுங்கள்.

எழுத்துருவில் இரண்டு பொறிகள். பழைய பாமினி, வானவில் போன்ற குறியாக்கத்தில் தட்டச்சு செய்த கோப்பு மின்னூலில் குப்பையாகத் தெரியும். முதல் நாளிலிருந்தே யூனிகோடில் எழுதுங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசர் என்ற அமைப்பு இயக்கப்படாவிட்டால் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளின் கொம்பு இடம் மாறும். மெய்ப்பில் "கோபம்", "பொலிகுதிரை", "சொல்" போன்ற சொற்களைத் தேடிப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்ற கட்டற்ற எழுத்துருக்களை வணிக நூலுக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

9. மின்னூல்

நூலாசிரியரே மின்னூல் வெளியிடும் அமேசானின் தளமான கே.டி.பி. தமிழ் மின்னூலை ஏற்கிறது. பான் அட்டை, ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டோடு வங்கிக் கணக்கு, இ-பப் கோப்பு, அட்டைப் படம் வேண்டும். அந்தத் தளத்தில் வரி நேர்காணல் என்னும் கேள்விப் பகுதியில் டபிள்யூ-8பென் படிவம் வரும். அதில் பான் எண்ணைக் கொடுத்து இந்திய-அமெரிக்க வரி உடன்பாட்டைத் தேர்ந்தால், அமெரிக்க விற்பனையில் பிடித்தம் 30-க்குப் பதில் 15 விழுக்காடு. இந்த ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

இந்திய விற்பனைக்கு 70 விழுக்காடு உரிமத்தொகை வேண்டும் என்றால் கே.டி.பி. செலெக்டில் சேர வேண்டும், சேராவிட்டால் 35. சேர்ந்தால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது, உங்கள் வலைப்பூவில் போட்ட அத்தியாயங்களும் இதில் அடங்கும். தொடராக வெளியிட்டவர்கள் அவற்றை எடுத்துவிட்டுத்தான் சேர வேண்டும். 90 நாள் முடிந்ததும் தானாகவே நீளும். வேண்டாம் என்றால் முன்பே அந்தக் குறியை நீக்குங்கள். பணம், விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாளில் வரும்.

10. வெளியான பின் 30 நாளுக்குள்

1954-ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, அச்சு நூல் வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை ஏசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். சொந்தமாக வெளியிடுபவர்களுக்கும் இது பொருந்தும். அச்சகத்திலிருந்து கட்டு வந்த அன்றே நான்கு பிரதிகளைத் தனியே எடுத்து உறையிலிட்டு முகவரி எழுதிவிடுங்கள். ரசீது தரும் தபாலில் அனுப்பி, அந்த ரசீதுகளை ஒப்பந்தங்கள் இருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.